கட்டி நல்ல நிலையில் உள்ளது

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பேருந்தை அவள் பார்த்ததே கிடையாது. மேசையில் ஒரு திரை இருக்கும். திரை வருகிறது என்றால் இவளும் வருகிறது என்பாள். வராவிட்டால் பயணிகள் திரையைத் திட்டுவதில்லை, இவளைத்தான் திட்டுவார்கள். இத்தனை வருடங்களில் அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாத ஒன்று, ஒரு காலையில் குளிக்கும்போது கையில் பட்டது. வலது மார்பின் வெளிப்பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. சோப்பு நுரையில் வழுக்கிப் போன விரல்கள் அந்த இடத்தில் மட்டும் நின்றன. கெட்டியாக ஏதோ இருந்தது. அமுக்கினால் நகரவில்லை. வலியும் இல்லை. வலித்திருந்தால்கூடத் தேவலையே என்று தோன்றியது அவளுக்கு. வலிக்காமல் உட்கார்ந்திருப்பது எதற்காக உட்கார்ந்திருக்கிறதோ.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"தேர்ச்சிச் சான்றிதழ் இருக்கா?"

"என்ன தேர்ச்சிம்மா?"

"சுயபரிசோதனைத் தேர்ச்சி. யார் வேணும்னாலும் தடவிப் பார்த்துட்டு கட்டி கட்டின்னு ஓடி வந்துடறாங்க. டாக்டருங்களுக்கு வேற வேலை இல்லையா? விழிப்புணர்வு மையத்துல பயிற்சி எடுத்து, பாஸ் பண்ணி, பரிந்துரைச் சீட்டோட வாங்க."

"எனக்கு நிஜமாவே இருக்கும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அடுத்து."

பின்னால் நின்றவள் முன்னால் வந்துவிட்டாள்.

மார்பகச் சுயபரிசோதனை விழிப்புணர்வு மையம் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தரை பளபளத்தது. வரவேற்பறையில் மெத்தை நாற்காலிகள் கிடந்தன. சுவர் நீளத்துக்கு, மையத்தில் சிறப்பாகத் தேறிய பெண்களின் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லோரும் கையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சில படங்களுக்குக் கீழே மட்டும், பிறகு ஒட்டியதுபோல, 'மறைந்த' என்று ஒரு சின்னச் சீட்டு இருந்தது. காக்கிச் சட்டை போட்ட வயதான ஒருவர், பசைக் கிண்ணமும் கையுமாக அப்போதுதான் இன்னொரு சீட்டை ஒட்டி, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாளர் என்றார்கள். எதைக் காக்கிறார் என்பது உள்ளே போனபோதுதான் தெரிந்தது.

கூடத்தில் முதலில் இயக்குநர் பேசினார். மெலிந்த, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"தாய்மார்களே, நோய் இருக்கிறதா இல்லையா என்பது மருத்துவமனையின் கவலை. விழிப்புணர்வு இருக்கிறதா இல்லையா என்பதே நம் கவலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு துறைகளுக்கும் சங்கடம். நமது மையத்தில் தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு நூறு. பயிற்சிக் கூடத்துக்குள் இதுவரை ஒரு பெண்ணுக்குக்கூடச் சொந்தமாகக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விழிப்புணர்வுக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கக்காவும் தட்டினாள். தட்டும்போது வலது கையைத் தூக்கியதில் அந்த இடம் சட்டையில் உரசியது.

பிறகு அம்மணியைக் கொண்டுவந்தார்கள். அம்மணி என்பது கழுத்துக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் இல்லாத ஒரு ரப்பர் உடம்பு. வெளிநாட்டிலிருந்து வந்தது. காப்பாளர் அதைச் சக்கர மேசையில் வைத்து, குழந்தையைத் தொட்டிலோடு தள்ளுவதுபோல மெதுவாகத் தள்ளிவந்தார். அழுக்காகிவிடக் கூடாது என்று அம்மணிக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறை அழுக்காகிவிடக் கூடாது என்று பெண்கள் கையுறை போட வேண்டியிருந்தது. கையுறைகளைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவதால், கை அழுக்காகிவிடக் கூடாது என்று உள்ளே இன்னொரு கையுறை.

வெள்ளைக் கோட்டு போட்ட பயிற்றுநர் நடுவயதுப் பெண். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ரொம்ப நாளாக ஒரே பாடத்தைச் சொல்கிறவர்களுக்கு வரும் குரல் அது.

"மாசத்துக்கு ஒரு தடவை. விரல் நுனியால இல்லை, விரலோட தட்டையான பக்கத்தால. வட்டம் வட்டமா, அக்குள் வரைக்கும். மார்பை ஒரு கடிகாரம்னு நினைச்சுக்கணும். அம்மணியோட கட்டி இடது பக்கம், ரெண்டு மணியில இருக்கு. தொட்டுப் பார்த்துட்டு, இருக்கா இல்லையா, எத்தனை மணியிலன்னு சொல்லணும். அவ்வளவுதான் தேர்வு."

விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும் தேர்வை மைக்கக்கா அன்றுதான் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போய், ஒப்புக்கு ஒரு தடவு தடவி, "இருக்கு மேடம், ரெண்டு மணி" என்றார்கள். அவளுக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூட ஆசிரியை தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவளுக்குக் கூடுதலாகப் பாராட்டும் கிடைத்தது.

மைக்கக்காவின் முறை வந்தது. இரண்டு மணியில் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வேறு விஷயமாக இருந்தால் இருக்கு என்று சொல்லித் தொலைத்திருப்பாள். ஆனால் இதை எப்படித் தொட்டால் எப்படித் தெரியும் என்பதைக் காலையில்தான் அந்தக் கை தெரிந்துகொண்டிருந்தது.

"இல்லை மேடம்."

காப்பாளர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க," என்றாள் பயிற்றுநர்.

"நல்லாத்தான் பார்த்தேன். இதுல ஒண்ணும் இல்லை. ஆனா மேடம், எனக்கு இருக்கு. இங்க, வலது பக்கம்."

பயிற்றுநரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இருக்கிற கட்டியே உங்க விரலுக்குத் தெரியலை. இல்லாத கட்டி இருக்குன்னு சொன்னா நாங்க எப்படி எடுத்துக்கிறது? தொடுவுணர்வு போதாதுன்னு போட்டிருக்கேன். திருத்த வகுப்புக்கு வாங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டான். பணிமனையில் பேருந்துகளுக்கு டயர் மாற்றுகிறவன். பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? தினமும் கண்ணால பார்க்காத பஸ்ஸை வருது வருதுன்னு ஊருக்கே சொல்றவதானே நீ?"

"அது பஸ்ஸுங்க. வரலைன்னா அடுத்தது வரும்."

அவன் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எங்க, காட்டு," என்றான். அவள் அவன் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். டயருக்குள் ஆணி எங்கே இருக்கிறது என்று தேடும் விரல்கள். தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டான். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நாளைக்கே போய் இருக்குன்னு சொல்லிடு," என்றான் திரும்பாமல். "எனக்காகச் சொல்லு."

திருத்த வகுப்பில் விரல்களுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மேசைமேல் கையை விரித்து வைத்துக்கொண்டு, "என் விரல் விழிப்பான விரல்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவர் வந்து, அம்மணியை மறுப்பது உண்மையை மறுப்பது என்றும், உண்மையை மறுக்கிறவர்களுக்குத்தான் இல்லாததெல்லாம் தோன்றும் என்றும் விளக்கினார். நாற்காலியில் சாய்ந்து பேசிய அவர் தன் பேச்சில் தானே சொக்கிப்போய்க் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

மறுதேர்வில் மைக்கக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். கையுறைகளை மாட்டினாள். அம்மணியைத் தொட்டாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன கை, தானாகவே வலது பக்கம் அக்குளை நோக்கிப் போய்விட்டது. தன் உடம்பில் இருக்கும் இடத்திலேயே அம்மணியிலும் தேடியது.

"இருக்கு மேடம்," என்றாள். "ஒன்பது மணி. வலது பக்கம்."

இப்போது இயக்குநரையே கூப்பிட்டார்கள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதலில் குறை உணர்வு. இப்போது மிகை உணர்வு. அம்மா, விழிப்புணர்வு அளவோடு இருக்க வேண்டும். அளவுக்கு மீறினால் அதுவே ஒரு நோய், அதற்கு எங்களிடம் வசதி இல்லை. நீங்கள் சிறிது காலம் ஓய்வெடுங்கள். எதையும் தொட்டுப் பார்க்காதீர்கள். விரல்கள் பழசை மறக்கட்டும். அழைப்பு வரும்போது வாருங்கள்."

"அதுக்குள்ள இது பெரிசாயிட்டா?"

"எது?"

"என்னோட கட்டி சார்."

இயக்குநர் புன்னகைத்தார். "தேர்ச்சி பெறும்வரை அதைக் கட்டி என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை அம்மா."

அன்று வெளியே வந்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எதிர்ச் சுவரில் படங்கள் சிரித்தன. காப்பாளர் பசைக் கிண்ணத்தோடு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையின் படம் புதிதாக மாட்டியிருந்தது. நல்லவேளை, 'மறைந்த' சீட்டு அதற்கு இல்லை. பக்கத்துப் படத்துக்கு ஒட்டினார். ஒட்டிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொன்னது சரிதாம்மா. அம்மணிக்குக் கட்டி கிடையாது."

அவள் நிமிர்ந்தாள்.

"திறப்பு விழாவுக்கு வந்த பெரியவரு போட்டோக்காரங்களுக்காக அமுக்கினாரு. படம் சரியா விழலைன்னு மறுபடி அமுக்கச் சொன்னாங்க. கட்டைவிரலால ஒரே அமுக்கு. உள்ள இருந்த உருண்டை பின்பக்கமாப் பிதுங்கி மேடைக்கடியில ஓடிடுச்சு. மறுநாள் குப்பையோட கூட்டித் தள்ளிட்டாங்க. வெளிநாட்டுச் சாமானு. தொலைஞ்சுடுச்சுன்னு யாரு போய்ச் சொல்றது? வருஷா வருஷம் சரிபார்க்க வர்றவரு கேப்பாரு, கட்டி எப்படி இருக்குன்னு. நல்ல நிலையில இருக்குங்கய்யான்னு சொல்லுவேன். அவரும் தொட்டுப் பார்த்துட்டு ஆமா நல்ல நிலையில இருக்குன்னுட்டுப் போவாரு."

"அப்போ இவங்க எல்லாம்?" அவள் சுவரைக் காட்டினாள்.

காப்பாளர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினார். "இருக்குன்னு பழகிட்டாங்க, அதனால பாஸு. வீட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, கையில எது தட்டுப்பட்டாலும், இது அம்மணிக்கு இருக்கிற மாதிரி இல்லையேன்னு விட்டுடறாங்க. சரியாத்தான் சொல்றாங்க. அம்மணிக்கு இருக்கிற மாதிரி எப்படி இருக்கும்?" என்றார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதே. எனக்குப் பென்ஷன் வரணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அழைப்பு வரவே இல்லை. பருவம் ஒன்று போய் இன்னொன்று வந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு இன்னும் இருமுறை போய், அதே பெண்ணின் அதே உச்சந்தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கட்டிக்கு மேலே தோல் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டதுபோல ஆகியிருந்தது. மைக்கில் பேசும்போது குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். கணவன் ராத்திரியில் தூங்குவதாக நடித்தான், இவளும் நடித்தாள். கடைசியில் ஒருநாள், அழைப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று, வேலை உடையிலேயே மையத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

அம்மணி வந்தது. அவள் கையுறைகளை மாட்டினாள். இரண்டு மணியில் கையை வைத்தாள். அந்த நேரத்தில் அம்மணியை அவள் பார்க்கவில்லை. எதிரே ஒரு திரை இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்று சொல்லும் அதே குரலில், தெளிவாக, கூடத்தின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். "இருக்கு. இடது பக்கம். ரெண்டு மணி."

கை தட்டல் எழுந்தது. இவ்வளவு துல்லியமான தொடுவுணர்வை மையம் இதுவரை கண்டதில்லை என்றார்கள். பரிந்துரைச் சீட்டில் முத்திரை விழுந்தது. அதைக் கையில் வாங்கியபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. இல்லாததை இருக்கு என்றதும் இருப்பதை நம்பிவிட்டார்கள்.

படம் எடுக்க இயக்குநர் வரும்வரை பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். பயிற்றுநர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்க பொய் சொன்னீங்க," என்றாள்.

மைக்கக்கா சீட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். "ஆமா மேடம். பறிச்சுடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"பறிக்க வரலை." பயிற்றுநர் முதல்முறையாகத் தடுமாறினாள். "நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே அம்மணி இப்படித்தான். மொதல் நாள் தொட்டேன், ஒண்ணும் தெரியலை. முன்னாடி இருந்தவங்க தெரியுதுன்னாங்க. நானும் தெரியுதுன்னுட்டேன். இத்தனை வருஷம் ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். நிஜத்துல அது எப்படி இருக்கும்னு இந்தக் கைக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இருக்குன்னீங்களே. நான் பார்க்கலாமா?" என்றாள்.

மைக்கக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. சட்டைப் பித்தானை அவிழ்த்து, பயிற்றுநர் இரு கைகளிலும் அடுக்காக மாட்டியிருந்த உறைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். உறைக்குள்ளேயே இருந்து இருந்து அந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைப் பிடித்துத் தன் வலது பக்கத்தில் வைத்தாள்.

"இங்க. தட்டையா வைங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

விரல்கள் ஒரு சுற்று சுற்றின. நின்றன. அசையவே இல்லை.

"வலிக்குதா?"

"வலிக்கலை. அதான் பயம்."

பயிற்றுநரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கையை எடுக்காமலே, இன்னொரு கையைத் தன் வெள்ளைக் கோட்டுக்குள் விட்டாள். இரண்டு கைகளும் ஒரே மாதிரி ஒரு வட்டம் போட்டன. ஒரே மாதிரி நின்றன.

"இது..." என்றாள். குரல் முதல்முறையாக ஏறி இறங்கியது. "இது எனக்கும் இருக்கே. ரொம்ப நாளா இருக்கே. அம்மணிக்கு மாதிரி வழுவழுன்னு இல்லையே, அப்போ இது அது இல்லைன்னு நினைச்சுட்டேனே."

மைக்கக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க மேடம்," என்றாள்.

"எனக்குச் சீட்டு தர மாட்டாங்க. தேர்ச்சி பெத்தவங்களுக்குத்தான். பயிற்றுநர்களுக்குத் தேர்வே கிடையாது."

அதற்குள் கதவைத் தட்டினார்கள். இயக்குநர் வந்துவிட்டார். அடுத்த குழுவும் கூடத்தில் வந்து நின்றுவிட்டது. இருவரையும் மேடையில் அம்மணிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். மைக்கக்கா சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாக மாட்டியிருந்தாள். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தாய்மார்களே, இந்த அம்மாவைப் பாருங்கள். முதல் தடவை தவறினார், இரண்டாம் தடவை தவறினார். மனம் தளராமல் உழைத்து, கடைசியில் கட்டியைக் கண்டுகொண்டார். முயன்றால் எல்லோராலும் முடியும். இதோ, நம் பயிற்றுநரைப் பாருங்கள். எத்தனை வருடங்களாகக் கட்டியோடு பழகுகிறார்! இவரைவிட விழிப்புணர்வு உள்ளவர் யார்? இவருக்கு ஒரு நாளாவது ஏதாவது வந்திருக்கிறதா? விழிப்புணர்வு உள்ள இடத்துக்கு நோய் வராது என்பதற்கு இவரே வாழும் சாட்சி."

கை தட்டினார்கள். பயிற்றுநர் அசையாமல் நின்றாள். வரிசையின் முதலில் நின்ற இளம்பெண் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்து, உறைமேல் ஒரு தடவு தடவிவிட்டு, "இருக்கு மேடம், ரெண்டு மணி," என்றாள்.

"இல்லை," என்றாள் பயிற்றுநர்.

இயக்குநர் திரும்பினார்.

"அங்க ஒண்ணும் இல்லை. எப்பவுமே இருந்ததில்லை. கையுறையைக் கழட்டும்மா. ரெண்டையும்." அவள் கோட்டின் பித்தான்களை அவிழ்த்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். "இங்க பாரு. தட்டையா வை. நல்லா அமுக்கு, எனக்கு வலிக்காது. தெரியுதா? இதுதான். இது மாதிரி எங்க இருந்தாலும், எத்தனை மணியில இருந்தாலும், நாளைக்குன்னு தள்ளிப்போடாதே."

அந்தப் பெண் கையை எடுக்க மறந்து நின்றாள். இயக்குநர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். மைக் திறந்தே இருந்ததால் அவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"இது பாடத்திட்டத்தில் இல்லையே."

மைக்கக்கா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்துவிட்டார். அந்தச் சாமானை இவளைப்போல யாரும் பிடித்து அவர் பார்த்ததில்லை.

"வரிசையா வாங்க," என்றாள் மைக்கக்கா. "அவசரப்படாதீங்க, யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம். அவங்களைத் தொட்டுப் பார்த்துட்டு, என்னையும் தொட்டுப் பாருங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் உங்களைத் தொட்டுப் பாருங்க. முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒரு சீட்டுதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் பார்க்காம அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டேன்."

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு வரிசையின் நடுவில் யாரோ கையுறையை உருவும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று. கதவருகே காப்பாளர் பசைக் கிண்ணத்தோடு வந்து நின்றிருந்தார். அவருடைய இன்னொரு கையில், ஒட்டுவதற்காகக் கத்தரித்து வைத்த சீட்டுகள் ஒரு கத்தை இருந்தன. அவர் மேடையில் நின்ற பயிற்றுநரைப் பார்த்தார், மைக்கக்காவைப் பார்த்தார். சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வரிசைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.